யாருடைய கணையத்தில் சோதித்தார்கள்?

கணையத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியையும் காட்டிவிடும் கருவி என்று எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டைப் பற்றிச் சொல்கிறார்கள். அது உண்மைதான். அதோடு சேர்த்து இன்னும் மூன்று புகழுரைகள் வருகின்றன. கட்டியின் கடினத்தை வண்ணத்தில் காட்டுகிறது, ரத்த ஓட்டத்தைப் பார்த்துப் புற்றா இல்லையா என்று சொல்லிவிடுகிறது, செயற்கை நுண்ணறிவு மருத்துவரின் கண்ணை மிஞ்சுகிறது. இந்த மூன்றையும் முதல் உண்மையின் தோளில் ஏற்றி ஒரே எடையாக விற்பதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். அப்படி நிறுக்கும்போது தமிழ்நாட்டு நோயாளியின் கணையம் எப்படிப்பட்டது என்ற கேள்வியை விட்டுவிட முடியாது.

கணையம் வயிற்றின் பின்சுவரில், இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கிறது. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண ஸ்கேனுக்குக் குடலில் உள்ள வாயுவும் கொழுப்பும் குறுக்கே நிற்கும். "கணையம் சரியாகத் தெரியவில்லை, வாயு மறைக்கிறது" என்று எழுதிய ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் எத்தனையோ குடும்பங்களைப் பார்க்கலாம். அந்தத் தடையைச் சுற்றிப் போகும் வழிதான் இந்தக் கருவி. எண்டோஸ்கோப்பின் நுனியில் ஒரு சிறிய அல்ட்ராசவுண்ட் தலை பொருத்தப்பட்டிருக்கும். நோயாளி மயக்க மருந்தில் இடப்பக்கமாகப் படுத்திருக்க, குழாய் வாய் வழியாக இரைப்பைக்குள் போகிறது. இரைப்பைச் சுவரில் தலையை அழுத்தினால் கணையத்தின் உடலும் வாலும் சில மில்லிமீட்டர் தூரத்தில் திரையில் விரிகின்றன. இன்னும் உள்ளே போய் முன்சிறுகுடலில் நிறுத்தினால் கணையத் தலையும் பித்தக் குழாயும் வருகின்றன. தூரம் குறைவு என்பதால் அதிக அதிர்வெண்ணைப் பயன்படுத்த முடிகிறது. அதிர்வெண் கூடினால் ஒலி ஆழமாகப் போகாது, ஆனால் படம் நுணுக்கமாக இருக்கும். இங்கே ஆழம் தேவையே இல்லை. இந்த எளிய இயற்பியல்தான் இதன் முழு பலம். 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டிமேக்னோ குழு இந்த யோசனையை முதலில் அறிவித்தது. 1992இல் டென்மார்க்கின் பீட்டர் வில்மன் இதே குழாய் வழியாக ஊசியைச் செலுத்திக் கணையத்திலிருந்து செல்களை எடுத்துக் காட்டினார். பார்க்கும் கருவி அன்றைக்குத்தான் தொடும் கருவியாகவும் ஆனது.

அடிப்படைத் திறனில் எனக்குச் சந்தேகமில்லை. 2004இல் அமெரிக்காவின் இந்தியானாவிலிருந்து டிவிட் குழு வெளியிட்ட ஆய்வில், கணையப் புற்று இருந்த 80 பேரில் கட்டியைக் கண்டுபிடிப்பதில் இந்தக் கருவி 98 சதவீதமும் சி.டி. ஸ்கேன் 86 சதவீதமும் வெற்றி பெற்றன. கட்டி சிறியதாக ஆக ஆக இந்த வித்தியாசம் கூடுகிறது. கணையப் புற்றில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே பிடிப்பதும் நான்கு சென்டிமீட்டரில் பிடிப்பதும் ஒன்றல்ல. நோய் தெரியவரும்போது அறுவை செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை.

இப்போது கூடுதல் நுட்பங்களுக்கு வருவோம். மூன்றில் வலுவான சான்று உள்ளது கான்ட்ராஸ்ட் முறைக்குத்தான். ரத்த நாளம் வழியே நுண்குமிழிகளைச் செலுத்தி, கட்டிக்குள் ரத்தம் எப்படிப் பாய்கிறது என்று பார்ப்பது. சாதாரணக் கணையப் புற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆகவே சுற்றியுள்ள திசு பளிச்சென்று ஒளிர, கட்டி மட்டும் மங்கலாக நிற்கும். ஜப்பானின் கிட்டானோ குழு 2012இல் 277 பேரிடம் செய்த ஆய்வில், இரண்டு சென்டிமீட்டரோ அதற்கும் குறைவோ உள்ள புற்றுகளில் இந்த முறை 91 சதவீதத்தைப் பிடித்தது. அதே கட்டிகளை சி.டி. 71 சதவீதம்தான் பிடித்தது. சிறிய கட்டியைத் தேடும் இடத்தில் இது கண்ணுக்குத் தெரியும் ஆதாயம். நான் மதிக்கிறேன்.

எலாஸ்டோகிராபிக்கு அந்த மதிப்பைத் தர முடியவில்லை. திசுவின் கடினத்தை நீலம், பச்சை, சிவப்பு என்று திரையில் காட்டும் முறை இது. புற்று கடினமானது, ஆகவே நீலமாக வரும் என்பது வாதம். 2013இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்த மெய் குழுவின் ஆய்வு, புற்று உள்ளவர்களில் 95 சதவீதம் பேரை இது பிடிக்கிறது என்றது. இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. புற்று இல்லாதவர்களை "இல்லை" என்று சரியாகச் சொன்னது 67 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்குப் பேரிடம் பொய் எச்சரிக்கை. நீண்ட நாள் அழற்சியில் தழும்பேறிய கணையமும் புற்றைப் போலவே கடினமாகத்தான் இருக்கும் என்பதே காரணம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாட்பட்ட கணைய அழற்சியில் ஒரு திரட்டு தெரிகிறது என்று 100 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 20 பேருக்குப் புற்று, 80 பேருக்கு வெறும் அழற்சி. எலாஸ்டோகிராபி அந்த 20இல் 19 பேரைப் பிடித்துவிடும். மீதி 80இல் ஏறக்குறைய 26 பேரையும் புற்று என்று காட்டும். ஆக நீலம் தெரிந்த 45 பேரில் 26 பேருக்குப் புற்றே இல்லை. ஒருவருக்குக் கணையத் தலையை வெட்டி எடுக்கும் விப்பிள் அறுவையைப் பரிந்துரைக்க இந்த நிறம் போதுமா? போதாது. ஆனால் இதே நுட்பத்தைத் திருப்பிப் பிடித்தால் நல்ல பயன் உண்டு. ஜெர்மனியின் இக்னே குழு 2018இல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிகளை மட்டும் எடுத்து 218 பேரிடம் பார்த்தது. கட்டி மென்மையாக இருந்தால், அது கொடிய கணையப் புற்று இல்லை என்பது 98 சதவீதம் சரியாக இருந்தது. கடினமாக இருந்தாலோ, பாதிக்கும் குறைவானவைதான் அந்தப் புற்று. "இல்லை" என்று சொல்ல நம்பலாம், "ஆம்" என்று சொல்ல நம்பக் கூடாது. இதை எந்த விளம்பரத் தாளிலும் இப்படி எழுத மாட்டார்கள்.

தமிழ்நாட்டுக் கணையத்தைப் பற்றி இனிப் பேச வேண்டும்.

தென்னிந்தியாவில் மது அருந்தாத இளம் வயதினருக்கே கணையக் குழாயில் பெரிய சுண்ணாம்புக் கற்கள் படியும் ஒரு நோய் உண்டு. வெப்பமண்டலக் கல் கணைய அழற்சி என்பார்கள். முதலில் வயிற்று வலி, பிறகு சர்க்கரை. கேரளத்தில் கீவர்கீஸ் 1960களிலேயே நூற்றுக்கணக்கான நோயாளிகளை விவரித்தார். மரவள்ளிக் கிழங்குதான் காரணம் என்ற பழைய ஊகம் நிற்கவில்லை. மரபணுப் பங்கு இருப்பது பின்னர் தெரிந்தது. இந்த நோய் புற்றுக்கு எவ்வளவு வழிவிடுகிறது என்பதை அளந்தது சென்னையில்தான். சுரேஷ் சாரி, வி. மோகன், சி.எஸ். பிச்சுமணி, எம். விஸ்வநாதன், என். மதனகோபாலன் ஆகியோர் அமெரிக்க ஆய்வாளர் லோவன்ஃபெல்ஸுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வு அது. இப்படிப்பட்ட 185 நோயாளிகளைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இறந்த 24 பேரில் 6 பேர் கணையப் புற்றால் இறந்திருந்தார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் அபாயம் 100 மடங்கு. எண்ணிக்கை சிறியது என்பதால் உண்மை அளவு 37 மடங்கிலிருந்து 218 மடங்கு வரை எங்கும் இருக்கலாம் என்று அவர்களே எல்லை வகுத்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே எண்ணியதால் அபாயம் சற்று மிகையாகத் தெரியவும் இடமுண்டு. இவ்வளவையும் கழித்த பிறகும், 37 மடங்கு என்பதே அச்சமூட்டும் எண்தான்.

இப்படிப்பட்டவருடைய கணையத்தின் முன்னால் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் எப்படி நடந்துகொள்கிறது? ஒலி கல்லில் பட்டுத் திரும்பிவிடும். திரையில் கல் வெள்ளைக் கோடாக மின்னும். அதன் பின்னால் கரிய நிழல் நீளும். அந்த நிழலுக்குள் ஒரு சென்டிமீட்டர் கட்டி ஒளிந்திருந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. கல்லைச் சுற்றியுள்ள திசு ஏற்கெனவே தழும்பேறி, திட்டுத் திட்டாக இருக்கும். எது பழைய தழும்பு, எது புதிய கட்டி என்று சொல்வது தேர்ந்தவருக்கும் கடினம். 2002இல் ஃப்ரிட்ஷர்-ராவன்ஸ் குழு 207 நோயாளிகளிடம் இதை எண்ணிக் காட்டியது. கணையம் மற்றபடி நன்றாக இருந்தவர்களிடம் ஊசிப் பரிசோதனை 89 சதவீதம் புற்றுகளைப் பிடித்தது. நாட்பட்ட அழற்சி உள்ளவர்களிடம் 54 சதவீதம்தான். ஏறத்தாழ பாதிப் புற்று கைநழுவியது. 2005இல் வரதராஜுலு குழு 282 பேரிடம் பார்த்தபோது இந்த இடைவெளி 91க்கும் 74க்கும் என்று குறைந்திருந்தது, ஆனால் மறையவில்லை. புதிய நுட்பங்களைப் பற்றிய பெரிய ஆய்வுகள் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சீனாவிலும் நடந்தவை. அவை தலைப்பில் போடும் 95, 98 என்ற எண்களுக்குள் கல் படிந்த கணையம் தனியாகத் தெரிவதில்லை. அந்த எண்களைச் சென்னையிலும் வேலூரிலும் அப்படியே எடுத்துப் பேசுவது முறையல்ல.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதே தடைதான். சீனாவில் நடந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வில், படத்தோடு நோயாளியின் மற்றத் தகவல்களையும் சேர்த்துப் படிக்கும் மென்பொருள் உதவியபோது, அனுபவம் குறைந்த மருத்துவர்களின் துல்லியம் 69 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு உயர்ந்தது. இதை நான் சிறிதாக எண்ணவில்லை. இந்தக் கருவியைக் கையாளத் தேர்ந்தவர்கள் ஒரு சில நகரங்களில் மட்டுமே இருக்கும் நாட்டில், புதியவரைக் கைதூக்கிவிடும் துணை எதுவும் வரவேற்கத்தக்கது. ஆனால் மென்பொருள் தான் பார்த்த படங்களிலிருந்துதான் கற்கிறது. கல் நிழல் நிறைந்த கணையங்களை அது போதிய அளவு பார்த்திராவிட்டால், நம்மிடம் அது தரும் விடையை விடையாக எடுத்துக்கொள்ள முடியாது. சென்னையின் அரசு மருத்துவமனைகளிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் ஐதராபாத்தின் ஏ.ஐ.ஜி.யிலும் இப்படிப்பட்ட நோயாளிகள் தினமும் வருகிறார்கள். அந்தப் படங்களை முறையாகச் சேர்த்து, பெயர் நீக்கி, அறுவையில் கிடைத்த முடிவோடு இணைத்து வைத்தால், உலகில் வேறெங்கும் கிடைக்காத பாடநூல் அது.

நான் முழு மனதோடு ஏற்கும் முன்னேற்றம் ஊசியில் நடந்தது. அதைப் பற்றிச் செய்தித்தாள்கள் அதிகம் எழுதுவதில்லை. பழைய ஊசி செல்களை உறிஞ்சி எடுக்கும். அது போதுமா என்று அங்கேயே நுண்ணோக்கியில் பார்க்க ஒரு நோய்க்குறியியல் மருத்துவர் அறைக்குள் நிற்க வேண்டும். நம் ஊர்களில் அது நடக்கிற காரியமா? புதிய ஊசிகளின் நுனி முக்கோணக் கிரீடம் போலவோ கவை போலவோ வெட்டப்பட்டிருக்கிறது. அவை திசுவையே சிறு துண்டாக அறுத்து எடுக்கின்றன. இத்தாலியின் கிரினோ குழு 2021இல் 800 பேரை இரண்டாகப் பிரித்துச் சோதித்தது. அறையில் நுண்ணோக்கி மருத்துவர் இருந்தபோது துல்லியம் 96.4 சதவீதம், இல்லாதபோது 97.4 சதவீதம். நேரமும் குறைந்தது. மாவட்டத் தலைநகரில் ஒருநாள் இந்தக் கருவி வந்தால், துண்டை ஃபார்மலினில் போட்டுச் சென்னைக்கு அனுப்பினால் போதும் என்பதே இதன் பொருள். மேலும், திசு கையில் இருந்தால்தான் நம் நாட்டுக்கே உரிய ஒரு பிழையைத் தவிர்க்கலாம். கணையத்திலும் அதை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளிலும் வரும் காசநோய், ஸ்கேனில் புற்றைப் போலவே தெரியும். அது காசநோய் என்று தெரிந்தால் மாத்திரையில் குணமாகிவிடும். தெரியாவிட்டால் வீண் அறுவையிலோ, "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற சொல்லிலோ போய் முடியும். எந்த நிறமும் எந்த மென்பொருளும் இதை இவ்வளவு உறுதியாகப் பிரித்துச் சொல்லாது.

கருவியின் தரத்தை நிறுப்பது ஒரு பாதி. அதன் முன்னால் யார் போய்ச் சேருகிறார்கள் என்பது மறு பாதி. சென்னை – திருப்பதி நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே இருக்கும் கனகம்மாசத்திரத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து பெரிய மருத்துவம் ரொம்பத் தொலைவில் இல்லை. திருவாலங்காட்டில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல், சாலையைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. மேற்கே ராணிப்பேட்டையும் வேலூரும், வடக்கே எல்லை தாண்டினால் திருப்பதி. திருவள்ளூரிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தாமதம் சாலையில் ஆவதில்லை. கணையத் தலையில் கட்டி வந்தால் வலியே இல்லாமல் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், உடல் அரிக்கும். மஞ்சள் காமாலை என்றதும் நாட்டு மருந்து, பத்தியம் என்று வாரக்கணக்கில் ஓடிவிடும். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடுவதால் மருந்து பலித்ததாக ஊரே நம்புகிறது. கட்டியால் வந்த காமாலை இறங்காது. அது இறங்கவில்லை என்று தெரியும்போது கட்டி பக்கத்து ரத்தக் குழாயைச் சுற்றியிருக்கும். அந்த நிலையில் உலகின் மிகச் சிறந்த எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டும் காலம் கடந்ததை உறுதிப்படுத்துவதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

அப்படியானால் எல்லோருக்கும் முன்கூட்டியே பார்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. இந்தியாவில் கணையப் புற்று ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் வருகிறது. அமெரிக்காவில் அது 13. அங்கேயே அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று 2019இல் அந்நாட்டின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு மறுபடியும் சொல்லிவிட்டது. தேடினால் எதையாவது கண்டுபிடிக்கும் கருவி இது. கேன்டோ குழு 2012இல் குடும்ப வரலாற்றாலும் மரபணுவாலும் அபாயம் உள்ள, அறிகுறி ஏதும் இல்லாத 200க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது, பத்தில் நான்கு பேருக்குக் கணையத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. பெரும்பாலானவை சிறு நீர்க்கட்டிகள். அத்தனை பேருக்கும் வருடக்கணக்கில் பயம். எனினும், அபாயம் உண்மையிலேயே அதிகமாக உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்தால் பலன் உண்டு என்பதற்கும் அதே ஆய்வுத் தொடரில்தான் சான்று கிடைத்தது. 2022 அறிக்கையின்படி, கண்காணிப்பில் பிடிபட்ட 9 புற்றுகளில் 7 முதல் நிலையில் இருந்தன. கணையப் புற்றில் இது கேள்விப்பட்டிராத விகிதம்.

ஆகவே சலிக்க ஒரு சல்லடை வேண்டும். அதற்கும் சென்னை ஆய்வின் அதே சுரேஷ் சாரிதான் வழிகாட்டினார். மேயோ கிளினிக்கில் அவர் 2005இல் காட்டியது: ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் 0.85 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்று தெரியவந்தது. பிறகு வயது, எடை இழப்பு, சர்க்கரை ஏறிய வேகம் ஆகிய மூன்றையும் வைத்து 2018இல் அவர் குழு ஒரு மதிப்பெண் முறையை அமைத்தது. அந்த 0.85ஐ இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. நம்மிடம் சர்க்கரை நோய் மிக அதிகம், 2023இல் வெளியான தேசிய ஆய்வில் பெரியவர்களில் 11.4 சதவீதம். கணையப் புற்றோ குறைவு. புதிதாகச் சர்க்கரை வந்த ஒவ்வொருவருக்கும் குழாய் விட்டால் ஆயிரங்களில் ஒன்றிரண்டுதான் கிடைக்கும். ஆனால் "சர்க்கரை புதிது, சாப்பாடு குறையவில்லை, எடை மட்டும் இறங்குகிறது" என்ற சேர்க்கை வேறு. அதைக் கேட்டறிய எந்தக் கருவியும் வேண்டாம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்தப் பணியாளர் எடை பார்க்கும் கருவியும் கொண்டுவந்து, எடையை மாதாமாதம் குறித்துக்கொண்டால், சல்லடை கனகம்மாசத்திரத்து வாசற்படியிலேயே தொடங்கிவிடும். சந்தேகம் வந்தால் முதலில் சி.டி., அதில் ஐயம் மிஞ்சினால் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் என்பதே சரியான வரிசை. மருந்து ஏற்றாத சாதாரண சி.டி.யிலேயே கணையப் புற்றைக் கண்டுபிடிக்கும் சீன மென்பொருள் ஒன்று, 2023இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கணையக் கட்டிகளில் 93 சதவீதத்தைப் பிடித்தது. அது இங்கும் நிலைத்தால் முதல் படி இன்னும் மலிவாகும்.

கணையக் கல் இருப்பவர்கள் இந்த வரிசைக்குள் அடங்க மாட்டார்கள். அவர்களுக்குச் சர்க்கரை ஏற்கெனவே இருக்கும், வலியும் பழகிப்போயிருக்கும். வலியின் தன்மை மாறுவது, எடை திடீரென இறங்குவது, காமாலை வருவது, கட்டுப்பட்டிருந்த சர்க்கரை கைமீறுவது ஆகியவைதான் அவர்களுக்கு எச்சரிக்கை. புற்றுக் குறியீடாகப் பார்க்கப்படும் CA 19-9 ரத்தப் பரிசோதனை காமாலையிலும் அழற்சியிலும் ஏறிவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. அவர்களைப் பட்டியலிட்டு ஆண்டுதோறும் பார்த்துவரும் ஒரு திட்டம் தமிழ்நாட்டுக்குத் தேவை. 1994இல் 185 பேரை வைத்துக் கேட்ட கேள்விக்கு, இன்றைய ஊசியையும் கான்ட்ராஸ்டையும் வைத்து ஆயிரக்கணக்கானவர்களிடம் பதில் தேட வேண்டிய பொறுப்பு சென்னைக்கும் வேலூருக்கும்தான் இருக்கிறது.

என் தீர்ப்பு இது. கணையத்தில் சிறு கட்டியைத் தேடவும் திசு எடுக்கவும் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டை விஞ்சிய கருவி இன்று இல்லை. அரசு மருத்துவமனை ஒன்று அதற்குப் பணம் ஒதுக்கினால் முதலில் புதிய ஊசிக்கு ஒதுக்கட்டும், அடுத்து கான்ட்ராஸ்டுக்கு. எலாஸ்டோகிராபி புற்று இல்லை என்று ஆறுதல் சொல்ல மட்டும் இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவு நம் கணையங்களைப் படித்துவிட்டு வரட்டும். நீங்கள் ஐம்பதைத் தாண்டியவரானால், புதிதாகச் சர்க்கரை வந்து எடையும் குறைந்தால், அல்லது வலியில்லாத காமாலை இரண்டு வாரத்தில் இறங்காவிட்டால், மருத்துவரிடம் "கணையத்தைப் பார்க்க ஒரு சி.டி. எடுக்கலாமா" என்று கேளுங்கள்.